சகுந்தலா போட்ட சத்தம்

பரிசளிப்பு விழாவில் யாராவது மைக்கைப் பிடித்து, வெற்றி தோல்வி முக்கியமில்லை, கலந்துகொண்டதே பெரிது என்று ஆரம்பித்தால் சகுந்தலாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்த ஆள் வாழ்க்கையில் ஒரு நாளாவது பூட்ஸ் மாட்டியிருப்பானா என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்பாள். ரகசியமாகக் கேட்பதாக அவள் நினைப்பு. மேடைக்கே கேட்கும். ஜெயிப்பது அவளுக்குப் பிடிக்கும். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. தோற்ற அன்று ராத்திரி அவள் சோறு தின்றதில்லை.

வயது ஐம்பத்தேழு. வங்காளத்துக் கிடர்பூரில், துறைமுகக் குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடித்தவள். அப்பா தூத்துக்குடியிலிருந்து கிரேன் ஓட்ட வந்தவர். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மைதானம், மைதானத்தில் அண்ணன்மார், அண்ணன்மாரிடம் கால்பந்து. கேட்டால் தரமாட்டார்கள். பிடுங்கினாள். பிடுங்கிப் பிடுங்கியே பின்வரிசையில் தடுத்து ஆடுகிற ஸ்டாப்பர் ஆகிவிட்டாள். எதிராளி எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அவளைத் தாண்டிப் போகலாம், ஆள் போகலாம், இரண்டும் சேர்ந்து போனதாகச் சரித்திரம் இல்லை. வங்காள மாநில அணிக்கு ஆடினாள். அதன் பேரில் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் ஃபைல் பார்க்கிறாள். புருஷன் மாரியப்பன் டாக்கில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆடுகிற காலத்திலும் சரி, கோச்சான பிறகும் சரி, மேட்ச் பார்க்க வரமாட்டார். இரத்தக் கொதிப்பு என்று காரணம் சொல்வார். பயம்தான்.

அவள் ஆடிய ஆட்டத்தில் பாதி 'கேப்'. காசு வாங்கிக்கொண்டு வேறு ஊர் அணிக்கு ஒரு நாள் ஆடிக்கொடுப்பதற்கு வங்காளத்தில் அதுதான் பெயர். பாசிர்ஹாட், டயமண்ட் ஹார்பர் என்று லோக்கல் ரயில் போகிற இடத்துக்கெல்லாம் போயிருக்கிறாள். ஒரு தடவை கோப்பையோடு ஒரு கிடாயையும் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதை லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏற்றி, ஒரு பெட்டியே சண்டைக்கு வர, அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். குவார்ட்டர்ஸ் முழுக்க அன்றைக்குக் கறிக்குழம்பு வாசனை. கேப் ஆடுவது கேவலம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கூலி வாங்குகிறோம், வேலை செய்கிறோம், இதில் என்ன கேவலம் என்பாள். ஆனால் அதற்கு ஒரு தர்மம் உண்டு. வாக்குக் கொடுத்துவிட்டால் போக வேண்டும். போனால் சொந்த அண்ணனே எதிரில் நின்றாலும் முழு மூச்சாக ஆட வேண்டும். காலைச் சுருட்டிக்கொண்டு ஆடுகிறவளை அவள் மனுஷியாகவே மதிக்கமாட்டாள்.

ஆட்டத்தை விட்டபின் அதே மைதானத்தில் பெண்கள் அணி ஒன்றைக் கிளப்பினாள். பாராவில், அதாவது பேட்டையில், இருக்கிற சங்கத்தின் பெயரில்தான் அணி. தேர்வு கீர்வு ஒன்றும் கிடையாது. வேலி தாண்டி உள்ளே வந்தவள் எல்லாம் அணியில் சேர்த்தி. தையல் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். வீட்டில் விடமாட்டேன் என்றால் சகுந்தலா நேரே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். டீ வரும், பிஸ்கட் வரும், கடைசியில் சம்மதம் வரும். வாங்காமல் எழுந்திருக்கமாட்டாள். பயிற்சி முடிந்து லாரிகள் நிற்கிற ரோட்டில் பெண்கள் தனியாகப் போகக்கூடாது என்று அவளே கூட நடந்துபோய் ஒவ்வொருத்தியையும் வீட்டில் விட்டுவிட்டு வருவாள். பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, உதைத்துவிட்டு அவள் பத்திரமாக வீடு போய்ச் சேர்வதும் என் வேலைதான் என்று சொல்வாள். பயிற்சிக்கு வந்தவள்தான் மேட்ச் ஆடுவாள். இது ஒன்றுதான் சட்டம்.

அணியில் இரண்டு பேர் தூண்கள். கோல்கீப்பர் ருக்ஸானா, இருபத்தாறு வயது, பகலெல்லாம் தையல் மெஷின். இன்னொருத்தி மஹிமா, குவார்ட்டர்ஸில் இருக்கிற தமிழ்ப் பெண், கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. முன்வரிசை ஆட்டக்காரி. தமிழை விட வங்காளம் நன்றாகப் பேசுவாள். மைதானத்தில் ஆன்ட்டி கிடையாது என்று சகுந்தலா சொல்லிவிட்டதால் மஹிமாவுக்கு அவள் அக்கா, மற்றவர்களுக்கு 'தி', வங்காளத்தில் அதுவும் அக்காதான்.

மஹிமாவிடம் எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர. பந்து காலுக்கு வந்ததும் தலை குனிந்துவிடும். தன் காலையே பார்த்துக்கொண்டு ஓடுவாள். எதிரில் யார் நிற்கிறார்கள், கோல்கீப்பர் எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. ஆறு வருஷமாக சகுந்தலா கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். "தலையத் தூக்குட்டி!" தமிழில்தான் கத்துவாள். எதிர் அணிக்குப் புரியாது என்பது ஒரு வசதி. கோபம் வந்தால் அவளுக்கு வேறு பாஷை வராது என்பதுதான் நிஜமான காரணம். ஆறு வருஷத்தில் அணியில் எல்லாருக்கும் அந்த வார்த்தைகள் மனப்பாடம். தலை மட்டும் தூக்கின பாடில்லை.

இந்த வருஷம் சங்கத்துக்குள் ஒரு புகைச்சல். மைதானத்துக் கொட்டகையை ஜிம் ஆக்கிவிடலாம், பெண்கள் அணியால் என்ன பிரயோஜனம் என்று கமிட்டியில் நாலு பேர் கிளம்பினார்கள். செயலாளர் மது, எல்லாருக்கும் மது தா, அதாவது மது அண்ணன், மருந்துக்கடைக்காரர், மோசமான மனுஷர் இல்லை. அவர் கமிட்டியிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். ஆகஸ்ட் பதினைந்து அன்று காளிகாட் சங்கத்தோடு வருஷா வருஷம் நடக்கிற ஒற்றை ஆட்டம் இருக்கிறதே, அதில் இந்தப் பெண்கள் கோப்பையை வாங்கட்டும். வாங்கினால் அணியும் இருக்கும், லீகிலும் சேர்க்கலாம். தோற்றால் கமிட்டி இஷ்டம். சகுந்தலாவிடம் வந்து சொன்னபோது அவள் சிரித்தாள். "வாங்கிட்டாப் போச்சு."

ஆனால் மது தாவுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. காளிகாட்காரர்கள் எப்போதும் கேப் ஆட்களை இறக்குவார்கள். நாமும் சால்ட் லேக் பக்கத்திலிருந்து மூன்று பேரைக் கூப்பிடுவோம் என்றார். மூன்று பேர் வந்தால் மூன்று பேர் வெளியே உட்கார வேண்டும். சகுந்தலா ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர் எல்லாம் மாத்திரையை மறந்து வேடிக்கை பார்க்க, அரை மணி நேரம் சண்டை போட்டாள். வருஷமெல்லாம் சேற்றில் புரண்டவளைக் கரையில் உட்காரவைத்துவிட்டுக் கோப்பை வாங்கினால் அது யார் அணி என்று கேட்டாள். மது தா தலையில் கையை வைத்துக்கொண்டு, சரி தாயே, உன் பிள்ளைகளையே வைத்து ஆடு என்றார்.

ஜெயித்த தெம்போடு வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் மஹிமா வந்து நின்றாள். முகம் சரியில்லை.

விஷயம் இதுதான். மது தா, சகுந்தலாவிடம் பேசுவதற்கு முன்பே மஹிமாவைக் கூப்பிட்டு, இந்தத் தடவை உன் இடத்தில் வெளியாள் ஆடுவாள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறார். ஆறு வருஷம் ஆடினவளுக்கு எப்படி இருக்கும்? அழுதுகொண்டே போனவளுக்கு வழியிலேயே காளிகாட்டிலிருந்து போன். எங்களுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டார்கள். ரோஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைச் சண்டையும் அதன் முடிவும் பிறகுதான் அவள் காதுக்கு வந்தது.

"இப்ப என்னக்கா செய்ய? வேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிரட்டா?"

மாரியப்பன் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இவள் இல்லாமல் கோல் போட அணியில் வேறு ஆள் கிடையாது. வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவாள். ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை சகுந்தலாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வாக்குக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"அப்ப போயி ஆடு. எங்களுக்கு எதிரா ஆடுதோம்னு காலச் சுருட்டுனியோ, அந்தக் காலை நானே ஒடிச்சிருவேன், கேட்டியா?"

மஹிமா தேம்பிக்கொண்டே தலையாட்டினாள். அவள் போனபின் மாரியப்பன், இது உனக்கே நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இல்லைதான் என்றாள் சகுந்தலா. காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் மற்றப் பெண்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. ருக்ஸானாதான் கொதித்தாள். ஒரே தட்டில் தின்றவள் இப்படிச் செய்வாளா என்று வங்காளத்தில் திட்டித் தீர்த்தாள். அவள் திட்டி முடிக்கிற வரை சகுந்தலா பொறுத்திருந்துவிட்டு, மஹிமாவை எப்படி நிறுத்துவது என்று பாடம் எடுத்தாள். தலை குனிந்துதான் வருவாள், நீ பயப்படாமல் கோலை விட்டு வெளியே வந்துவிடு, உன்னைப் பார்க்கவே மாட்டாள், பந்தைக் கொண்டுவந்து உன் மேலேயே அடிப்பாள் என்று ருக்ஸானாவிடம் சொன்னாள். அடித்துப் பழகினார்கள். பத்துத் தடவையில் பத்தும் நின்றது.

ஆகஸ்ட் பதினைந்து. காலையிலிருந்து தூறல், மைதானம் நெல் நடலாம் போல இருந்தது. வேலியைச் சுற்றிக் கூட்டம். லாரி டிரைவர்கள் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மஹிமா காளிகாட்டின் சிவப்புச் சட்டையில் வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் சகுந்தலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் பிள்ளைகள் அப்படி ஆடினார்கள். கூலிக்கு வந்த ஆட்களுக்குச் சேறு பழக்கமில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். மஹிமா இரண்டு தடவை தனியாகப் புகுந்துவிட்டாள். இரண்டு தடவையும் ருக்ஸானா வெளியே பாய்ந்து வந்தாள், இரண்டு தடவையும் பந்து ருக்ஸானாவின் நெஞ்சில் போய் மோதியது. சொன்னது சொன்னபடி நடந்தது. கோலில்லாமல் நின்றால் பெனால்டி, பெனால்டியில் ருக்ஸானாவை அசைக்க இந்த ஊரில் ஆள் இல்லை. மது தா கூட நகத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

முடிய ஓரிரண்டு நிமிஷம் இருக்கும். நடு மைதானத்தில் ஒருத்தி வழுக்க, பந்து மஹிமாவின் காலுக்கு வந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பினாள். முழு மூச்சாக, வாக்குக் கொடுத்தபடி. ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். தலை குனிந்தே இருந்தது. ருக்ஸானா வெளியே வந்துவிட்டாள். கோல் ஆவென்று திறந்து கிடக்கிறது. இந்தப் பெண் தன் காலையே பார்த்துக்கொண்டு ஓடுகிறாள்.

"தலையத் தூக்குட்டி!"

யார் கத்தியது என்று சகுந்தலாவுக்கே ஒரு நொடி புரியவில்லை. ஆறு வருஷத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. மஹிமா தலையைத் தூக்கினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. பார்த்தாள். பந்தை அடிக்கவில்லை, நுனிக்காலால் லேசாகக் கிள்ளித் தூக்கினாள். பந்து ருக்ஸானாவின் தலைக்கு மேலே போய், நிதானமாக இறங்கி, வலைக்குள் விழுந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சகுந்தலாவின் இரண்டு கையும் மேலே போய்விட்டன. கூட்டம் முழுக்கப் பார்த்தது. கிடர்பூர் கோச், காளிகாட் போட்ட கோலுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ருக்ஸானா சேற்றில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தாள். அப்போதுதான் சகுந்தலாவுக்கு உறைத்தது. கை இறங்கிவிட்டது, மானம் போய்விட்டது. விசில் ஊதிவிட்டார்கள்.

கொட்டகைக்குள் பெண்கள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மது தா வந்தார். அவருக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். நான் உனக்காகக் கமிட்டி முன்னால் நின்றேனே என்றார். பிறகு சொல்லக்கூடாததையும் சொன்னார்.

"உன் பாஷை பேசுகிற பெண் என்றதும் உனக்கு மற்றவர்கள் தெரியவில்லை, இல்லையா?"

அடி வாங்கினது போல இருந்தது சகுந்தலாவுக்கு. இந்த மண்ணில் பிறந்து, இந்த மாநிலத்துச் சட்டையைப் போட்டு ஆடினவள். பதிலுக்கு ஒரு பாட்டம் கொடுத்திருப்பாள். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் அதையேதான் நினைக்கிறார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ருக்ஸானா முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால் நிதானமாகப் பேசினாள், வங்காளத்திலேயே, எல்லாருக்கும் புரியும்படி. பாஷைக்காகவும் இல்லை, காசுக்காகவும் இல்லை. தப்பாக ஓடுகிற காலைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது, அது யார் கால் என்று பார்க்கத் தெரியவில்லை. கோல் விழுந்ததும் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்கவில்லை. இன்றைக்கு இந்தப் பிள்ளைகள் தோற்கவில்லை. அவர்கள் ஆட்டத்தில் ஒரு குறை சொல்லுங்கள் பார்க்கலாம். தோற்றது நான். தண்டனையை எனக்குக் கொடுங்கள். நான் போகிறேன். அணி இருக்கட்டும், கொட்டகை இருக்கட்டும், லீகில் சேருங்கள்.

மது தா சரி என்றார். கமிட்டியிடம் அப்படிச் சொன்னால் வாயடைத்துவிடும், வேறு கோச் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று சகுந்தலா எதிர்பார்க்கவில்லை. இந்தப் பெண்கள் இல்லாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. அதைப் பிள்ளைகள் முன்னால் சத்தமாகச் சொல்லுங்கள், அணி இருக்கும் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார்.

ருக்ஸானா எழுந்தாள். கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டாள். தி இல்லாத அணியில் நான் இல்லை என்றாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு சகுந்தலா மேல் கோபம் தீரவில்லை, முகத்தில் தெரிந்தது. கோபத்தோடேயே கூட வரக் கிளம்பினார்கள்.

சகுந்தலாவுக்கு அழுகை முட்டியது. அதை விட வேகமாக ஆத்திரம் வந்தது.

"உக்காருங்கட்டி! என்னைக் குடுத்து இந்த டீம வாங்கியிருக்கேன். அதத் தூக்கிப் போட்டுட்டு எங்க பின்னால வாரீங்க? ஒருத்தி எந்திரிச்சா என் மூஞ்சில முழிக்கக்கூடாது."

தமிழில்தான் வந்தது. ஒருத்திக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ருக்ஸானாதான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். சகுந்தலா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

சந்தில் கைவண்டிகளுக்குப் பக்கத்தில் மஹிமா நின்றிருந்தாள். சிவப்புச் சட்டை முழுக்கச் சேறு. எல்லாவற்றையும் வெளியே நின்று கேட்டிருக்கிறாள். இனிமேல் பந்தையே தொடமாட்டேன் என்று அழுதாள்.

"நாளைக்குக் காலைல நீ அங்கன இல்லேன்னா, நான் போனது வீணாப் போயிரும். கோல் போட வேற யாரு இருக்கா?"

"என்ன எப்படிக்கா சேத்துப்பாங்க? ருக்ஸானா தி என்னக் கொன்னுருவா."

"திட்டுவா. நின்னு வாங்கிக்க. உள்ள போ."

மஹிமா அசையவில்லை. சகுந்தலா அவள் தோளைப் பிடித்துக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். கதவைத் திறந்து உள்ளே விட்டாள். தான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மறுபடி சாத்திவிட்டாள்.

ருக்ஸானாவின் குரல் கிளம்பியது. கூரைத் தகரம் அதிர்கிற திட்டு. நன்றி கெட்டவளே என்றாள், துரோகி என்றாள், இன்னும் எழுதக்கூடாத இரண்டொன்று சொன்னாள். நடுவில் மஹிமா அழுகிற சத்தம். அப்புறம் வேறு யாரோ அழுகிற சத்தம், அது யார் என்று பிரித்தறிய முடியவில்லை. திட்டு நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அது வேறு மாதிரி ஆயிற்று. அந்தப் பந்தை எந்தக் காலில் எடுத்தாய், சொல்லு என்று ருக்ஸானா அதட்டுவது கேட்டது. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று ஒருத்தி கேட்டாள்.

சகுந்தலா சந்திலேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் வலுத்தது. ஒருத்தியும் வெளியே வரவில்லை. அவள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.